முட்டுக்கல்

"தலை இன்னும் எறங்கல. நட" என்றார் எஸ்தர் சிஸ்டர்.
"வூட்டுக்குள்ளயே நடக்கட்டா?"
"வூடு எத்தினி அடி?"
யோசித்துச் சொன்னேன்.
கட்டிலிலிருந்து அடுப்புக்கு நாலு,
அடுப்பிலிருந்து வாசலுக்கு மூணு.
"அப்ப ரோட்டுல நட."

ரோட்டில் இடமிருக்கிறதா என்று
அட்டையில் கேள்வி எதுவும் இல்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு.
ஒரு பக்கம் கருங்கல்லும் கடலும்.
மறுபக்கம் துறைமுக கேட் திறக்கக் காத்து
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி டிரெய்லர்கள்.
நடுவே இரண்டு முழ மண்ணில்
வயிற்றை முன்னால் அனுப்பி
நான் பின்னால் போனேன்.
என் செருப்பு காலுக்குள் போகவில்லை.
டில்லியின் செருப்பு. பட்டை மட்டும் புதுசு.

வரிசையில் ஒரு வண்டி டில்லியுடையது.
திங்கட்கிழமை நாற்பத்தொன்றாவது.
செவ்வாய், நாற்பத்தாறு.
அவன் ஐந்து வண்டி முன்னேறினால்
எனக்கு ஐந்து வண்டி நடை கூடும்.
அப்படியொரு கணக்கு எங்களுக்குள்.

வண்டிகளுக்கு அடியில், சேசிஸில் தூளி கட்டி
மீசை வைத்த ஆண்கள் தூங்குகிறார்கள்.
ஒருவர் டயரோரம் ஸ்டவ் வைத்துக்
கத்தரிக்காய் வதக்குகிறார்.
ஆந்திரா வண்டிக்காரர் ஹாரனில் கை வைத்தவரை
"ரேய்!" என்று அதட்டினார்.
எனக்காகத்தான்.
திரும்பிப் பார்த்துச் சிரிக்க மூச்சு இல்லை.

டில்லியும் தூளியில்தான் கிடந்தான்,
என் மஞ்சள் வாயில் புடவையில்.
பிள்ளைக்கென்று துவைத்து மடித்து வைத்தது.
"இன்னாய்யா இது?"
"தாங்குதான்னு பாத்தேன்."
"தாங்குதா?"
"என்னியே தாங்குது."
டிபன் பாக்ஸைத் திறந்து நெத்திலி வாசனையை
முதலில் முகத்தில் வாங்கிக்கொண்டான்.
பிறகு வயிற்றைக் கேட்டான்:
"நீ எப்ப? நானா, நீயா, யாரு மொதல்ல?"
உள்ளே ஒரு முழங்கை
இடமிருந்து வலம் போனது.
அவனுக்குப் பதிலா, நெத்திலிக்கா தெரியாது.

புதன்கிழமை போகவில்லை. இடுப்பு.
இரவெல்லாம் மூத்திரத்துக்கு எழுந்து எழுந்து
ஏழு அடி, ஏழு அடி.

வியாழன் ஐம்பத்திரண்டு எண்ணினேன்.
ஐம்பத்து மூன்று. நாகாலாந்து நம்பர்.
ஐம்பத்து நாலு. பச்சை டப்பா, டில்லியினுடையது நீலம்.
அறுபதுக்கு மேல் எண்ணுவதை விட்டு
வண்டி நின்ற இடத்தை வைத்துத் தேடினேன்.
சுவரில் பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதே ஆள்.
கீழே சோற்றுப்பருக்கை, காக்கா.
தரையில் எண்ணெய்க் கறை, பாத்திரம் கழுவின ஈரம்.
வண்டி இல்லை.

"ராத்திரி ரெண்டு மணிக்கு கேட்டு தொறந்துச்சும்மா"
என்றார் சைக்கிளில் டீ விற்கும் மொய்தீன்.
"ஒரே ஓட்டம். அம்பது வண்டி உள்ள போய்ட்ச்சு."
மூன்று நாள் அசையாதது.
இரவு முழுக்க நான் விழித்திருந்தேன்,
சத்தம் கூடக் கேட்கவில்லை.

டயருக்கு முட்டுக் கொடுத்த கல் மட்டும்
ரோட்டிலேயே கிடந்தது.
டில்லி எடுத்துவைக்க மறந்திருப்பான்,
பைக்கில் வருகிறவன் விழுவான்.
குனிய முடியாது.
காலால் தள்ளினேன்.
கொஞ்சம் உருண்டது.
இன்னும் தள்ளினேன்.
அப்போதுதான் அடிவயிறு
டிரம் மூடி மாதிரி இறுகியது.
பின்னிடுப்பிலிருந்து முன்னால் வந்து,
நின்று,
மெல்ல விட்டது.

மொய்தீன் டீயை நீட்டியபடி நின்றார்.
"இன்னாம்மா?"
"ஒண்ணுமில்ல பாய். மணி இன்னா?"
"அஞ்சே கால்."

டிபன் பாக்ஸை அவர் கேரியரில் வைத்தேன்,
நீங்க சாப்புடுங்க என்று.
கல்லைக் கருங்கற்களோடு சேர்த்துவிட்டுத்
திரும்பி நடந்தேன்.
நாகாலாந்து வண்டி அருகில் மறுபடி வந்தது.
அதன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.
இரும்பு வெயிலில் சுட்டது,
விடவில்லை.
மேலேயிருந்து யாரோ தமிழில்லாத ஒரு மொழியில்
ஏதோ கேட்டார்.
"மணி" என்றேன், மணிக்கட்டைக் காட்டி.
அஞ்சு விரலையும் விரித்தார்,
பிறகு நாலு தரம்.