பெருக்கல் குறி

ஞாயிறு, பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு ஊற்றினோம்.
திங்கள், வீடு வீடாக.
தோளில் நீலப் பெட்டி, பனிக்கட்டிக்கு நடுவே குப்பிகள்,
கையில் சாக்பீஸ்.
விதி சுலபம்.
எல்லாப் பிள்ளைக்கும் சொட்டு மருந்து விழுந்தால்
கதவோரம் 'பி'.
ஒன்று விடுபட்டாலும் பெருக்கல் குறி.

ராயபுரம், சூசை மேஸ்திரி தெரு.
பதினாலு கதவு, ஒரு அடிபம்ப்.
நான் இந்த ஏரியாவுக்கு வந்த வருஷம்
இங்கே என் கணக்கு முப்பத்தொன்று.
(ரெண்டு, தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தவள் கூட்டி வந்தது.)

மூன்றாம் எண்ணில் பூட்டு இல்லை.
பூட்டு இருந்த இடத்தில் எண் அழுத்துகிற பெட்டி.
பழக்கத்தில் "ஜெசிந்தா" என்று கூப்பிட்டுவிட்டேன்.
அரை டிரவுசர் ஒருவர் வந்தார், காதில் வெள்ளைக் குமிழ்.
வேண்டாம் என்றார்,
நான் என்ன விற்கிறேன் என்று கேட்காமலே.

ஜெசிந்தாவுக்கு மாத வாடகை ஆறாயிரத்து ஐநூறு.
இப்போது ஒரு ராத்திரி இரண்டாயிரத்து எண்ணூறு.
ரெண்டு ராத்திரியும் ஒரு மத்தியானமும் சேர்ந்தால்
அவளுடைய ஒரு மாதம்.
வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை.
அட்வான்ஸை முழுசாகத் திருப்பினார்,
வெள்ளையடிக்கிற காசுகூடப் பிடிக்கவில்லை.
அவருக்கும் ஒரு மகள், அவளுக்கும் ஒரு காலேஜ்.

உள்சுவரில் கட்டுமரம் வரைந்திருக்கிறார்கள், அழகாகவே.
ஜெசிந்தா புருஷன் மிக்கேல் போட்டில் போகிறவன்.
எண்ணூரிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்குக்
காசிமேட்டுக்குப் பஸ் ஏது?
வாரத்தில் நாலு நாள் போட்டிலேயே படுக்கை.

ஏழாம் எண் தெரசம்மா
மாடியில் நெத்திலி காயப்போடக் கூடாதாம்.
பக்கத்து வீட்டில் தங்கினவர்கள் வாடைக்காக
ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டார்களாம்.
"எந்த நட்சத்திரம்மா? நான் எங்க போய்ப் பொறுக்கியாந்து தர்றது?"
என்னிடம் கேட்டாள்.
எனக்கு மருந்து ஊற்றத்தான் தெரியும்.

ஒன்பதாம் எண்ணில் ஒரு பையன் இருந்தான்.
ரெண்டரை வயசு, புனேயிலிருந்து, நாலு நாளைக்கு.
வழிப்போக்கர் பிள்ளைக்கும் ஊற்றலாம்,
படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் உண்டு.
வாயை இறுக்கினான். பெட்டியைத் திறந்து
பனிக்கட்டி காட்டினேன். திறந்தான்.
ரெண்டு சொட்டு.
இடது சுண்டுவிரலில் மை வைக்கும்போது
அவன் அம்மா, தெரிந்த கொஞ்சம் தமிழில்:
"இந்தத் தெருவில் குழந்தைகளே இல்லையா?
இவனுக்கு விளையாட ஆள் இல்லை."

ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க என்றேன்.
ஐந்து வயசுக்குக் கீழே எந்த ஸ்கூல்,
அவள் கேட்கவில்லை.

பத்தாம் எண் வாசலில் நிற்கும்போது போன்.
"அக்கா, இங்க இன்னும் யாரும் வரல.
சின்னவனுக்கு எங்க போய் ஊத்துறது?"
அந்த ஏரியா யார் லிஸ்ட் என்று கேட்டேன்.
தெரியல என்றாள்.
என் நோட்டில் அவன் பெயர்மேல் கோடு இழுத்தது நான்தான்,
போன ரவுண்டில், ஸ்கேல் வைத்து.
விசாரிக்கிறேன் என்றேன்.
பின்னால் பெரிய மோட்டார் சத்தம், எதுவென்று தெரியவில்லை.
பையன் இருமினான்.

மூன்றாம் எண்ணுக்கு என்ன போட என்று
சூபர்வைசருக்கு அடித்தேன்.
"பிள்ளை இருக்கா?"
இல்லை.
"அப்ப விடுபட்டது ஒண்ணுமில்லையே. பி போடு."

திரும்பி நடந்தேன். எழுதினேன்.
புதுப் பெயின்ட்டில் சாக்பீஸ் வழுக்கியது,
அழுத்தி இன்னொரு முறை.
நாலாம் எண், பி. ஆறு, பி. பதினொன்று, பி.
தெருமுனையில் நின்று பார்த்தால்
குறையே இல்லாத தெரு.

மொத்தம் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
புனேப் பையனையும் சேர்த்து.
அவன் புதன்கிழமை போகிறான்.