மடக்கை வகுப்பு, தல்காவானோ

மீன் டப்பா ஆலையின் சங்கு ஊதி
ஒரு மணி நேரம் கழித்துத்தான் எங்களுக்குப் பள்ளி.
பகலில் பிள்ளைகள் உட்கார்ந்த மேசைகள்,
முழங்கால் இடிக்கும்.
எத்தனை தேய்த்துக் கழுவியும்
என் நோட்டில் கானாங்கெளுத்தி வாசம்.

சிமெண்ட், மணல், ஜல்லி:
ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று.
மொத்தம் நாற்பத்திரண்டு மண்வெட்டி,
சிமெண்ட் எத்தனை?
நிவால்தோ பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை.
"ஏழு."
வழிமுறை எழுத வேண்டும் என்றாள் ஆசிரியை,
அவன் வயதில் பாதி இருப்பாள்.
வெடித்த உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினான்.
"இதில் தண்ணீர் எங்கே?
புத்தகம் எழுதியவன்
கலவை போட்டதே இல்லை."

போகும்போது அறுபது, அதே வழியில் வரும்போது நாற்பது,
சராசரி வேகம்?
ஐம்பது என்று எழுதி
அடிக்கோடும் போட்டுவிட்டேன்.
மரிசெல் சிரித்தாள்.
பதினோரு வருடமாய் மலையடிவாரத்துக்கு பஸ் ஓட்டுகிறவள்.
"மெதுவாக வரும்போதுதானே பெண்ணே
ரோட்டில் அதிக நேரம் கிடக்கிறோம்?
நாற்பத்தெட்டு."
அன்றிரவு படுக்கையில்
காணாமல்போன அந்த இரண்டு கிலோமீட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்.
சராசரி ஏன் எப்போதும்
கஷ்டகாலத்தின் பக்கமே சாய்கிறது என்பதை
இவ்வளவு ஒழுங்காக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஜூலைக் குளிரில் மடக்கை வந்தது.
ஆயிரத்தை மூன்றாக மடிக்கலாம்,
பத்து லட்சத்தை ஆறாக.
பெருக்கல் கூட்டலாகும், வகுத்தல் கழித்தலாகும்,
உலகமே சட்டைப்பைக்குள் போய்விடும் என்றாள்.
எனக்கு ஏறவில்லை.
அப்போது சுண்ணாம்புக்கட்டி தானாக உருண்டது.
விளக்கு ஆடியது.
ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடித்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை.
"நாலே முக்கால்" என்றது பின்வரிசை.
"இல்லை, அஞ்சு."
"அஞ்சு இல்லையென்றால் நாளைக்கு உனக்கு எம்பனாதா."
வானொலி ஐந்து என்றது.

ஆசிரியை பலகையை விட்டுவிட்டு
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிறகு மெல்லக் கேட்டாள்:
இது ஐந்து. எட்டு வந்தால்
தரை எத்தனை மடங்கு ஆடும்?

எட்டில் ஐந்து போக மூன்று.
மூன்றை விரித்தால் ஆயிரம்.
எட்டைப் பார்த்தவர்கள் நாங்கள்.
யாரும் பேனாவைத் தொடவில்லை.
நிவால்தோ மட்டும் எழுந்து
வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான்.
அவன் எழுப்பிய சுவர்களில்
எது நின்றது என்று நாங்கள் கேட்டதில்லை.

ஆகஸ்டில் அவன் வரவில்லை.
வடக்கே செப்புச் சுரங்கத்தில் சம்பளம் இரண்டரை மடங்காம்.
அந்த வாரத்துக் கணக்கு:
ஐந்து பேரின் சராசரி வயது முப்பத்து நான்கு.
ஒருவர் விலக, முப்பத்திரண்டு.
விலகியவரின் வயது என்ன?
நாற்பத்திரண்டு. விடை சரி.
நிவால்தோவுக்கு நாற்பத்தாறு, அது வேறு கணக்கு.
விலகியவர் எங்கே போனார்,
போகுமுன் நாற்காலியை உள்ளே தள்ளினாரா,
புத்தகத்தில் இல்லை.

டிசம்பர் தேர்வில் ஒன்றின் மடக்கை கேட்டார்கள்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
தனியாக நிற்பதை மடித்தால் அவ்வளவுதான்.
பூஜ்யத்துக்கோ மடக்கையே கிடையாது.
அதையும் எழுதினேன், கேட்காமலே.

கடைசிப் பக்கத்தில் அதே கலவை,
இந்தமுறை முப்பத்தாறு மண்வெட்டி.
மூன்று வரி வழிமுறை,
விடை ஆறு,
இரட்டை அடிக்கோடு.
அதற்குக் கீழே சின்ன எழுத்தில்:
தண்ணீர் சேர்க்கவும்.

அதற்கு மதிப்பெண் கூட்டவும் இல்லை,
குறைக்கவும் இல்லை.