இரவு இரண்டு, அங்கே மாலை ஆறு

கரகண்டாவில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கொதிகலன் அறையில் நான் பனியனோடு நிற்கிறேன்.
அழுத்தமானியின் மேல் சாய்த்துவைத்த கைபேசியில்
ஒரு பெண் வேகவேகமாகப் பேசுகிறாள்.
அவள் ஊரிலும் முப்பத்தொன்று.
பூஜ்யத்துக்கு மேலே.

நானாகத் தேடிப் போகவில்லை.
திரையில் உருண்ட பூமிப்பந்தை
கரி ஒட்டிய கட்டைவிரல் சறுக்கிவிட்டது.
நின்ற இடம் உருகுவே.
ஒரே ஒரு பச்சைப் புள்ளி,
சுற்றிலும் வெறும் புல்வெளிதான் போல.
எங்கள் ஸ்டெப்பிக்கு ஒன்றுவிட்ட தங்கை
என்று வைத்துக்கொண்டேன்.

"மொழி தெரியாமல் என்னத்தைக் கேட்கிறாய்?" என்றான் ஷ்மிட்,
மண்வாரியை ஊன்றிக்கொண்டு.
நீ உன் மனைவி பேசுவதைக் கேட்பதில்லையா என்றேன்.
அந்த வாரம் முழுக்க அவன் என்னோடு
தேநீர் குடிக்கவில்லை.

அறவே தெரியாது என்றும் இல்லை.
வெயில் நிலவரத்தில் எண்கள் பிடிபட்டன.
பெயர், பெயர், பெயர் என்று வாசித்து
நடுவே மெல்லிய பியானோ வந்தால்
யாரோ இறந்திருக்கிறார்கள்.
மாட்டு விலைக்கு மட்டும் ஓர் ஆண் குரல்,
விலை இறங்கினால் அவருக்கு இருமல் ஏறும்.

ஜனவரி ஒன்பதிலிருந்து ஒரு புதுச் சொல்:
கனேலா.
அதற்கு முன்னால் எப்போதும் பெர்தீதா.
பின்னால் ஒரு தொலைபேசி எண், இரண்டு தரம்,
இரண்டாம் தரம் நிறுத்தி நிதானமாக.

ரவ்ஷான் அகராதியில் தட்டிப் பார்த்தாள்.
பெர்தீதா: காணாமற்போனவள்.
என் வயிற்றில் ஏதோ கவிழ்ந்தது.
பெண் குழந்தையா?
நான்கு இரவுகள் அந்த நினைப்போடுதான் கரி அள்ளினேன்.
ஐந்தாம் இரவு, "பெர்ரா" என்று தெளிவாக விழுந்தது காதில்.
பெட்டை நாய்.
பெயர் பட்டை. இலவங்கப்பட்டை.
"நிறமும் தெரிந்துவிட்டது, போ" என்றாள் ரவ்ஷான்.

பதினேழு இரவுகள் நானும் தேடினேன்.
இங்கிருந்து எப்படித் தேடுவது?
சாம்பல் கொட்டப் போகும்போது
இருட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு வருவேன்,
அவ்வளவுதான்.

பதினெட்டாம் இரவு
மாட்டு விலை, இருமல், டயர் கடை விளம்பரம்,
மரணம் இரண்டு.
கனேலா இல்லை.

கிடைத்துவிட்டாளா?
அறிவிப்புக்குக் கட்டிய காசு தீர்ந்ததா?
தேடியவர்கள் ஓய்ந்துவிட்டார்களா?
தொலைந்ததைச் சொல்லக் காசு கட்டுவார்கள்,
கிடைத்ததைச் சொல்ல யார் கட்டுவார்கள்?

எண் மனப்பாடம்.
சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள்.
அழைத்தேன்.

எங்கோ நீளமாக மணி அடித்து,
"ஓலா" என்றது ஒரு பெண் குரல்.
ரவ்ஷான் எழுதித்தந்த வாக்கியம்
சட்டைப்பையிலேயே இருந்தது.
"கனேலா?" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு நின்றது.
அப்புறம் கொட்டினாள்,
தகரக் கூரையில் கல்மழை மாதிரி,
அதில் ஓர் எண்கூட இல்லை எனக்குப் புரிய.
அழுகையா சிரிப்பா?
இத்தனை தூரம் வரும்போது இரண்டுக்கும் ஒரே இரைச்சல்.
பின்னால் ஒரு நாய் குரைத்தது.
தெருவில் போகிற நாயாகக்கூட இருக்கலாம்.

கைபேசியை ஷ்மிட்டின் காதில் வைத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.
"பட்டை நிறம்தான்" என்றான்.
காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது.

பதிவேட்டில் எழுதினேன்: இரண்டு நாற்பது, அழுத்தம் சரி.
எழுதும்போதுதான் உறைத்தது,
நாய் என்னிடம் இருக்கிறது
என்று அவள் நினைத்திருந்தால்?
அந்த நின்ற மூச்சு அதற்காகத்தான் என்றால்?

மறுநாள் ஒன்று ஐம்பதுக்கே திறந்துவிட்டேன்.
இத்தனை நாள் அந்தப் பெயர் வரட்டும் என்று கேட்டவன்
இன்று வரக்கூடாதே என்று நிற்கிறேன்.
ஷ்மிட் இரண்டு கோப்பை ஊற்றிக்கொண்டு வருகிறான்.
மாட்டு விலை முடிந்தது. இருமல் முடிந்தது.
டயர் கடை.
அவள் அடுத்த தாளைப் புரட்டுகிற சத்தம்.