மூன்றரை மணி, லாயாங் லாயாங்

செம்பனை லோரிகள் விழிக்கும் முன்னே
என் மோட்டாரும் குணாளன் மோட்டாரும் கிளம்பும்.
பாலம் தாண்டினால் சம்பளம் மூன்று மடங்கு.
தூக்கம்தான் மூன்றில் ஒன்று.

கிஷாந்தினி வரைந்த குடும்பப் படத்தில்
அம்மா, பூனை, ஒரு தலைக்கவசம்.
"உள்ளே நீங்கதாம்பா" என்றாள்.

போன மாதம்
கார்க் கடனுக்கு ஜாமீன் கேட்டான் குணாளன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
மறுநாளிலிருந்து
மூன்று இருபதுக்கே போய்விடுகிறான்.

இன்று ஸ்கூடாய் மேம்பாலத்தடியில்
மழைக்கு ஒதுங்கினால்
அங்கே அவன்,
என் பழைய மழையங்கியில்.

"பாப்பாவுக்குச் சளி விட்டுச்சா?"
"ம்."
"அந்தக் கடன்..."
"கிடக்கட்டும்டா."

வேலைக்கு நேரமாகிறது.
மழை எப்போதோ நின்றுவிட்டது.
இருவருமே கவனித்ததாகக்
காட்டிக்கொள்ளவில்லை.