பதினையாயிரத்து அறுநூற்று இருபத்து நாலு

முந்தநாள் விடியப்புறம் மூன்றாம் குளத்தில்
இறாலெல்லாம் மேலே வந்து மீசை காட்டின.
நான் எழுதிய நிரல் அப்போது
‘தாமதி’ என்ற ஒற்றை வரியில் நின்றது.
பத்து நிமிடம் நிற்கச் சொன்னவள் நான்தான்.
சொன்னபடி நின்றது.
ஒட்சிசன் இறங்கியதை உணரி சொல்லிக்கொண்டே இருந்தது,
கேட்க ஆளில்லை.

நல்லரெத்தினம் ஏசவில்லை.
செத்ததைக் கூடையில் அள்ளி நிறுத்து
‘நாற்பத்தொரு கிலோ’ என்று கொப்பியில் எழுதி
கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மறுகா இந்த இரவு,
பனிச்சங்கேணியில், மோட்டார்க் கொட்டிலில்
நுளம்புத்திரி புகையப் புகைய மடிக்கணினியோடு நான்.
வாவிப் பக்கம் காற்றே இல்லை.

சில்லுக்குள் முதலிலிருந்தே ஒருத்தி இருந்திருக்கிறாள்.
எண்ணுவது மட்டும் அவள் வேலை.
பளிங்கு நொடிக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் தரம் துடிக்கும்;
ஆயிரத்து இருபத்து நாலு துடிப்பை ஒன்றாகக் கட்டி எண்ணுவாள்,
நான் தூங்கினாலும்,
நிரல் வேறெங்காவது மினக்கெட்டாலும்.

நொடிக்குப் பதினையாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து வரவேணும்.
பதிவகத்தில் நான் இட்டது ஒன்று குறைய.
“ஒண்டை எங்க கா விட்டாய்?”
தோளுக்கு மேலால் நல்லரெத்தினம்.
விடவில்லை. அவள் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறவள்.
அவர் பேசாமல் நின்றார்.
அவருடைய கணக்கில் பூச்சியம் என்றால் வெறுங்குளம்.

எண்ணி முடிந்ததும் குறுக்கே வருவாள்.
வந்தால், மீட்டர் வாசிக்கிறவர் மாதிரி
துண்டைக் கேற்றில் செருகிவிட்டுப் போய்விடவேணும்.
உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கக் கூடாது.
முதல் தரம் நான் அவளை இருத்திவைத்துவிட்டேன்;
திரையில் எழுதுகிற வேலையையும் அவள் தலையிலே கட்ட
எல்லாம் விறைத்துப் போயிற்று.
இப்போது ஒரேயொரு கொடி.
உயர்த்து, போ.

மூன்றே காலுக்கு அளவு இறங்கியது.
துடுப்புச் சக்கரங்கள் நாலும் தாமாகக் கிளம்பின,
இருட்டுக்குள் வெள்ளைத் தண்ணீர்.
நல்லரெத்தினம் ஒரு செருப்போடு ஓடிப்போய்
வரம்பு நெடுக டோர்ச் அடித்தார்.
ஒரு மீசையும் இல்லை.

ஆனாலும் சொல்லத்தான் வேணும்:
இந்த வெக்கைக்குப் பளிங்கும் பிசகும்,
மாதத்துக்கு இரண்டு நிமிடம் மட்டில்.
கொப்பியில் அந்த நாற்பத்தொன்றுக்குக் கீழே
அதையும் எழுதினேன்,
திகதி போட்டு.