பூர்காஸுக்குப் போன வாசல்

உள்ளே இருக்கும் டிஸ்க்கை நான் தொடவே இல்லை.
இதை மனைவியிடம் சொன்னேன்,
பல் டாக்டரிடம் சொன்னேன்,
காலை ஏழு மணிக்குக் கருந்திரையிடமும் சொன்னேன்.

புளோவ்டிவில், ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி
பல் செய்து கொடுப்பவன் நான்.
பல் கடையும் இயந்திரம் ஜெர்மனியிலிருந்து
செகண்ட் ஹேண்டில் வந்தது.
பழைய விண்டோஸ் ஒன்றைத் தவிர
வேறு எவன் பேச்சையும் கேட்காது.
அதனால்தான் லினக்ஸை வெளியே வைத்தேன்,
யு.எஸ்.பி. வயரில் தொங்கும் தனி டிஸ்க்கில்.
சண்டை வராது என்று நினைத்தேன்.

நிறுவும்போது கடைசியில் ஒரு கேள்வி:
பூட்லோடரை எங்கே எழுதட்டும்?
பதிலையும் அதுவே நிரப்பி வைத்திருந்தது.
உலையில் பீங்கான் சிவந்துகொண்டிருந்தது.
படிக்காமல் தட்டினேன்.

முதல் செக்டார்.
நானூற்று நாற்பத்தாறு பைட்.
மூன்று குறுஞ்செய்தியில் அடங்கிவிடும்.
அங்கே விண்டோஸின் ஆள் ஒருவன்
பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தான்.
அவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்த புதியவன்
தன் சாவிக்கொத்தை
வெளி டிஸ்க்கில் வைத்திருந்தான்.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை.
ஞாயிற்றுக்கிழமை மச்சான் கிராசிமிர்
"படம் ஏற்றித் தருகிறேன்" என்று
அந்த டிஸ்க்கைச் சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்து
பூர்காஸுக்கு ரயில் ஏறினான்.

திங்கள்.
அப்படி ஒரு சாதனம் இல்லை.
அதன் கீழே ஒரு கோடு, மின்னி மின்னி.
உதவி என்று தட்டினேன்.
தெரியாத கட்டளை என்றது.

பதினோரு மணிக்கு வெலிச்கா வந்தார்
வாயைக் கைக்குட்டையால் மூடியபடி.
ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்பவர்.
மேல்வரிசை முன்பல் இரண்டு இல்லாமல்
ஏழாம் பிளாட்பாரம் அவர் வாயில்
செடெம் ஆகாமல் தெடெம் ஆகிறதாம்.
"பிள்ளைகள் மேலே பார்த்துச் சிரிக்கிறார்கள்.
வியாழனுக்குள் வேண்டும்."

உங்கள் பற்கள் உள்ளேதான் இருக்கின்றன என்றேன்.
அளவெடுத்து, வளைவு வெட்டி, நிறம் ஏ-த்ரீ.
ஒரு முனைகூட மழுங்கவில்லை.
அங்கே போக வழி சொல்லத்தான் ஆள் இல்லை.

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார்.
"தெரியும்," என்றார்.
"போன குளிர்காலத்தில் எங்கள் மைக் செத்துப்போனது.
வண்டிகள் எல்லாம் சரியாக வந்து நின்றன.
யாரும் ஏறவில்லை."

பழைய சி.டி. அலமாரியின் அடியில் கிடைத்தது.
டிரைவ் திறக்க மறுத்தது.
ஈறின் ஆழம் பார்க்கும் ஊசியை
அதன் ஓரத்துச் சிறு துளையில் விட்டு அழுத்தினேன்.
என் தொழிலில் முதல்முறையாக
முனகாமல் ஒரு வாய் திறந்தது.

ஒரே வரிக் கட்டளை.
வெற்றி என்றது. நான் நம்பவில்லை.
பிறகு அந்த நீல நிறம்,
அந்த அசட்டு இசை,
பின்னறையில் கடைசல் இயந்திரம் தொண்டையைச் செருமியது.
வெலிச்கா அதற்குள் போயிருந்தார், பன்னிரண்டரை வண்டிக்காக.

வியாழன் மாலை நிலையத்தில் நின்றேன்.
பூர்காஸ் வண்டி. பிளாட்பாரம் செடெம்.
இரண்டாம் முறை சொல்லும்போது
இடைவெளியில் லேசாக ஒரு விசில்.
அரை மில்லிமீட்டர் இழைக்க வேண்டும், திங்களன்று வரச்சொல்ல வேண்டும்.

கிராசிமிர் டிஸ்க்கை நீட்டினான்.
"நாற்பது படம். கம்ப்யூட்டர் ஓடுகிறதா?"

தலையை இடமும் வலமும் அசைத்தேன்.
எங்கள் ஊரில் அதற்கு ஆம் என்று பொருள்.

டிஸ்க் இன்னும் சூடாக இருந்தது.
அதற்குள் என் லினக்ஸ் முழுசாக இருக்கிறது,
சாவிக்கொத்தோடு.
இப்போது அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
அந்தக் கேள்வி மறுபடி வரும்.
இந்த முறை
உலையை அணைத்துவிட்டு உட்கார வேண்டும்.