நாற்பத்தெட்டாம் பக்கத்துக் காது

தட்டாதெருச் சந்தி, ரயர்க் கடைக்கு மேல்மாடி.
மேசையில் பழைய பதிப்பை வைத்துவிட்டுப் போனார்கள்:
தரம் ஏழு, விஞ்ஞானத் துணைநூல்,
நூற்று எழுபத்தாறு பக்கம்.
"கொஞ்சம் வாசிக்கக் கூடிய மாதிரி
ஆக்கித் தாருங்கோ தங்கச்சி."
பின்னட்டையில், சின்ன எழுத்தில்,
பக்க வடிவமைப்பு: என் பெயர்தான்.

பதினொரு வருசத்துக்கு முந்தின எனக்கு
வெள்ளை என்றால் வீண்.
ஒன்பது பொயின்ற். மினிபஸ்சில் ஆளடைத்த மாதிரி
வரிக்கு மேல் வரி.
இரண்டு ஓரமும் நேராய் நிற்கவேண்டும் என்று
சொற்களைப் பிடித்து இழுத்திருக்கிறேன்;
ஒளித்தொகுப்பு என்ற சொல்லுக்கு முன்னால்
ஒரு ஆடு படுக்கலாம்.

தர்மினி ரீச்சர் கோண்டாவிலில் இருந்து
பிள்ளைகள் பாவித்த பிரதிகளை
உரப்பையில் கட்டி ஸ்கூட்டியில் கொண்டுவந்தா.
"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்களே பாருங்கோ."

நாற்பத்தெட்டாம் பக்கத்தின் உச்சியில்
பென்சிலால் ஒரு காது.
அடுத்த புத்தகத்திலும் காது, தோட்டோடு.
அடுத்ததில் பேனையால், மயிரோடு.
ஒன்றில் யானைக் காது.
பதினான்கு பிரதி, ஒன்பது காது.

தாளைப் பின்னுக்குப் புரட்டினேன்.
நாற்பத்தேழின் கடைசி வரி:
செறிந்த அமிலத்தை வெறுங்கையால் தொடலா

காது.

எங்கள் மொழியில் மறுப்பு கடைசியில்தான் வரும்.
வினை முழுதாய்க் கையை நீட்டிய பிறகு
வால் வந்து தட்டிவிடும்.
அந்த வாலைத்தான் நான்
தாளின் மறுபக்கத்தில் விட்டிருக்கிறேன்.

"ஆராவது தொட்டவையோ?"
"எங்கட பள்ளிக்கூடத்தில அமிலம் எங்க?
ஆய்வுகூட அலுமாரித் திறப்புத் துலைஞ்சு மூண்டு வருசம்."
இரண்டு பேரும் சிரித்தோம்.
சிரித்து முடிந்தும் கொஞ்ச நேரம்
கையை மௌஸில் வைக்க மனம் வரவில்லை.

எழுத்தைப் பன்னிரண்டு பொயின்ற் ஆக்கினேன்.
இடது ஓரம் மட்டும் நேர்,
வலது ஓரம் பண்ணைக் கரை மாதிரி
தன் பாட்டுக்கு வளையட்டும்.
கொம்பு ஒரு வரியிலும் ககரம் மறு வரியிலுமாய்க்
கிடந்ததையெல்லாம் சேர்த்துவைத்தேன்.
எச்சரிக்கை எதுவும் ஒரு வரியைத் தாண்டாது.
தாண்டினால் வசனத்தையே திருப்பினேன்:
தொடாதே. அமிலம் கையைச் சுடும்.

இருநூற்றெட்டுப் பக்கம் வந்தது.
அச்சக முதலாளி அன்ரனிப்பிள்ளை
கல்குலேற்றரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.
"வெள்ளைக்கும் காசு, தங்கச்சி."
ஆசியுரை ஐந்து, வாழ்த்துரை நாலு,
படத்தோடு ஆளுக்கொரு பக்கம்.
ஒன்பதையும் ஒரே பக்கத்தில்
என் பழைய ஒன்பது பொயின்றில் அடைத்தேன்.
"அவையள் கோவிப்பினம்."
"வாசிச்சால்தானே."
மிச்சக் கணக்குக்கு மெல்லிய தாள் என்றார்.
மறுபக்கத்து எழுத்து நிழலாய்த் தெரியும்.
ஓமென்றேன்; வேறென்ன செய்ய.

அமிலப் பாடம் இப்போது ஐம்பத்தொன்பதில்.
எச்சரிக்கைக்குக் கீழே
இரண்டு விரலகலம் வெறுமையாய் விட்டிருந்தேன்.
மெய்ப்பு பார்த்தவர் சிவப்பால் வட்டமிட்டு
படம் எங்கே என்று கேட்டிருந்தார்.
பக்கத்தில் எழுதி அனுப்பினேன்:
வரும்.